முகமும் இசைவும்



2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உலகெங்கும் ஒரு விளையாட்டுப் பரவியது. மக்கள் தம் ஒளிப்படங்களைச் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து, ஜப்பானிய ஜிப்லி நிறுவனத்தின் திரைச்சித்திரங்களைப் போல மாற்றிப் பெற்று மகிழ்ந்தனர். நானும் அப்படங்களைக் கண்டு வியந்தேன். ஆயினும், அவ்விளையாட்டில் கைம்மாறிய பொருள் யாது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நான் ஆசிரியப் பணி புரிந்த நாளில் ஆண்டுதோறும் வகுப்புப் படம் எடுப்போம். அதன் நெகடிவ் எங்கள் ஊர் ஸ்டூடியோவில் இருக்கும். வேண்டுமானால் சென்று கேட்கலாம். இன்று நாம் அனுப்பும் படமோ எங்கோ தொலைவிலுள்ள கணிப்பொறிகளில் சென்று தங்குகிறது. கைப்பேசிப் படமாயின், எடுத்த நாளும் நேரமும், சில வேளைகளில் இடமுங்கூட அதனுள் பதிந்திருக்கும். சில நிறுவனங்கள் அதனைத் தம் கருவியைப் பயிற்றுவிக்கவும் பயன்படுத்துகின்றன. பயிற்சியின்போது படத்தின் சாயல், கருவியினுள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களில் சிறு சிறு மாற்றங்களாகக் கரைந்துவிடுகிறது. பாலில் கரைந்த சர்க்கரையைப் பிரித்தெடுப்பது எளிதா? கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்றிக்கொள்ள இயலுமா?

2017 ஆகஸ்டு 24ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் இயற்றப்பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பது வற்புறுத்தலின்றி, நோக்கம் அறிந்து, ஐயத்திற்கிடமின்றித் தரப்படுவது என்கிறது. தந்த இசைவை மீட்டுக்கொள்ளவும் அது உரிமை தருகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது.

ஆனால், தனி ஒருவர் தம் சொந்தக் காரியத்திற்காகச் செய்வது அச்சட்டத்தின் எல்லைக்குள் வாராது. பிறர் படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்புவோரைத் தண்டிக்க வேறு சட்டங்கள் உள்ளன. நண்பர் நால்வருடன் எடுத்த படத்தை நீங்கள் விளையாட்டாக அனுப்பும்போது எந்தக் காவலரும் வந்து தடுக்கப்போவதில்லை. எனினும், உங்கள் இசைவு உங்கள் முகத்திற்கு மட்டுமே உரியது. மற்ற நால்வரின் முகங்களுக்கு அவரவரே உரியவர். சட்டம் விட்ட இடத்தைப் பண்புதான் நிரப்ப வேண்டும்.

ஆகவே, அனுப்புமுன் படத்திலுள்ளவரைக் கேளுங்கள்; அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். சிறுவர் படங்களையும், அடையாள அட்டை, வீட்டு முகவரி முதலியன தெரியும் படங்களையும் அனுப்பாதீர்கள். பயிற்சிக்குப் பயன்படுத்துவதை நிறுத்தும் வசதி கருவியில் இருப்பின், முதலில் அதனைச் செய்யுங்கள். பிறருக்கு வந்த கடிதத்தை அவரைக் கேளாமல் நாம் பிரிப்பதில்லை. அவர் முகத்திற்கும் அம்மதிப்பையாவது தருவோமாக.