தவணையோடு எரிபொருளையும் கணக்கிடுவோம்

வாகனக் கடன் பெறுவோர் மாதத் தவணையைக் கருத்துடன் கணக்கிடுகின்றனர். எரிபொருள் செலவை அவ்வாறு கணக்கிடுவோர் சிலரே.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்தால் ஏறத்தாழ 67 லிட்டர் பெட்ரோல் தேவை. 18 கிலோமீட்டர் தந்தால் 56 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால், ஆண்டுக்கு 13,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

இம்மிச்சத்தின் பெரும்பகுதி ஓட்டுபவர் கையில் உள்ளது. எரிபொருள் செலவிட்டுப் பெற்ற வேகம், பிரேக் அழுத்தும்போதெல்லாம் வெப்பமாக வீணாகிறது. சிவப்பு விளக்கு தொலைவில் தெரியும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது நன்று. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் மிகும். டயரில் காற்று குறைந்தாலும் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்.

இனி எரிபொருள். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலின் ஆற்றல், லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பே. அதிக விலையுள்ள உயர் ஆக்டேன் பெட்ரோல், அது தேவைப்படாத எஞ்சினுக்குக் குறிப்பிடத்தக்க பயன் தருவதில்லை.

சிஎன்ஜி கிலோ கணக்கில் விற்கப்படுவதால், ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் ரூபாயையே ஒப்பிட வேண்டும். சிஎன்ஜி காரின் கூடுதல் விலையை மாத மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் விடை கடன் காலத்தின் மாதங்களை விஞ்சினால், பெட்ரோல் காரே சிக்கனமானதாக இருக்கக்கூடும்.