மூணு இலையா, நாலு இலையா? எண்ணிப் பார்த்துப் பறியுங்கள்!

"டாக்டரய்யா, நீங்க சொன்ன ஆரைக்கீரையைத்தான் பத்து நாளா துவையல் அரைச்சுச் சாப்பிடுதேன். நல்லாப் புளிப்பா ருசியா இருக்கு!" என்றார் ஆய்க்குடியிலிருந்து வந்த ஓர் அம்மா.

எனக்குத் திக்கென்றது. ஆரைக்கீரை புளிக்காதே! பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சந்தேகமே இல்லை, அது புளியாரை. அடிக்கடி சிறுநீர் போகிறதே என்று ஆரைக்கீரை சொன்னேன். அவரோ ஏற்கெனவே சிறுநீரகக் கல்லால் அவதிப்பட்டவர். புளியாரையின் புளிப்புக்குக் காரணமே ஆக்சாலிக் அமிலம்தான். கல் வரும் உடம்புக்கு அது ஆகவே ஆகாது. உடனே நிறுத்தச் சொன்னேன்.

இரண்டுக்கும் பெயரில் 'ஆரை' இருக்கிறது. சாரல் காலத்தில் இரண்டுமே செழித்து வளரும். எப்படிக் கண்டுபிடிப்பது?

புளியாரை: காம்பு நுனியில் மூன்று இலைகள். ஒவ்வொன்றும் நுனி பிளந்து இதய வடிவில் இருக்கும். தொட்டி ஓரம், தோட்டம், வரப்பு என்று ஈரமான தரையில் படரும். ஐந்து இதழ் கொண்ட சின்ன மஞ்சள் பூ. குட்டி வெண்டைக்காய் மாதிரி நிமிர்ந்து நிற்கும் காய். முற்றியதைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும்.

ஆரைக்கீரை: கூட்டல் குறி போல நான்கு இலைகள். வயல் சேறு, குளத்தங்கரை, வாய்க்கால் ஓரத்தில் முளைக்கும். பூக்கவே பூக்காது! ஏனென்றால் இது பெரணி இனம். இளந்தளிர் சுருண்டிருக்கும். அடிக்காம்பில் சின்னச் சின்னக் கொட்டைகள் தெரியும்.

மூன்றாவதாக ஒன்றும் குழப்பும். புல்தரையில் படரும் சிறுபுள்ளடிக்கும் மூன்று சிறு இலைகள்தான். ஆனால் பூ, பட்டாணிப்பூ சாயலில் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். கணுக்கணுவான தட்டைக் காய் துணியில் ஒட்டிக்கொள்ளும். இலை புளிக்காது. ஊட்டிப் பக்கம் புல்வெளியில் வெள்ளைப் பூப்பந்துடன் காணும் குளோவர் செடிக்கு, இந்த மூன்றில் சொந்தக்காரன் இதுதான். புளியாரைக்கும் ஆரைக்கும் இலைச் சாயல் மட்டுமே, உறவு கிடையாது.

எப்படிச் சாப்பிடலாம்?

பித்தத்துக்கும் மூலத்துக்கும் புளியாரை சொல்வது சித்த மருத்துவ வழக்கம். கல் தொந்தரவு இல்லாதவர்கள் எப்போதாவது ஒரு கைப்பிடி, பருப்போடு சேர்த்துச் சமைக்கலாம். தினமும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

ஆரைக்கீரையை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருள் ஆரை இனத்தில் உண்டு. 1861-ல் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பர்க், வில்ஸ் என்ற இரு பயணிகள் இதே இனத்து ஆரை ஒன்றின் கொட்டைகளை, அந்த ஊர்ப் பழங்குடியினர் செய்வதுபோல் பக்குவம் பண்ணாமல் தின்று வந்தார்கள். வயிறு நிறைந்தும் உடம்பு மெலிந்து இறந்தார்கள். அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பூச்சிமருந்து அடித்த வயலிலும் சாக்கடை ஓரத்திலும் எதையும் பறிக்காதீர்கள். கீரையை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இனி யாராவது "ஆரை சாப்பிடுங்க" என்றால், "மூணு இலையா, நாலு இலையா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்!