கன்றுக்கும் குழந்தைக்கும் ஒரே கழிச்சல்

தோட்டப்புறங்களில் மாடு வளர்த்த குடும்பத்தினருக்குக் கன்றுக் கழிச்சல் புதிதல்ல. பிறந்து ஓரிரு வாரமே ஆன கன்று தண்ணீராகக் கழியும், பால் குடிக்காது, கண் குழிந்துவிடும், கவனிக்காவிட்டால் இரண்டொரு நாளில் இறந்தும் போகும். கைக்குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டால், "பல் முளைக்கிறது" என்றோ "கண்பட்டுவிட்டது" என்றோ சொல்லிக்கொள்வோம். இவ்விரண்டுக்கும் பல சமயங்களில் ஒரே இனத்தைச் சேர்ந்த வைரஸ்தான் காரணம் என்பதை அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மீபஸ் என்ற கால்நடை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், கழிச்சல் கண்ட கன்றுகளிடம் ஒரு வைரசைக் கண்டு, அதுவே நோயை உண்டாக்குகிறது என்று காட்டினர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1973இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ரூத் பிஷப் அம்மையாரும் அவருடன் பணியாற்றியவர்களும், பேதியால் வாடிய குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த மிகச் சிறிய சதைத் துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தனர். குடலின் உயிரணுக்களுக்குள் வைரஸ் நிறைந்திருந்தது. மறு ஆண்டே, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தாமஸ் ஃப்ளூவெட் என்பவர் கன்றின் வைரசும் குழந்தையின் வைரசும் உறவுடையவை என்று எடுத்துக்காட்டினார். சக்கரம் போல் தெரிந்ததால் 'ரோட்டா வைரஸ்' என்ற பெயரையும் முன்மொழிந்தார். ரோட்டா என்றால் இலத்தீனில் சக்கரம். மலாயில் நாம் சொல்லும் 'ரோடா'வும் போர்த்துகீசியர் வழியாக வந்த அதே சொல்தான்!

இதைப் படித்துவிட்டு யாரும் மாட்டைப் பழிக்க வேண்டாம். கன்றிடமிருந்து குழந்தைக்கு நேராகத் தொற்றுவது அரிது. குழந்தைக்குப் பெரும்பாலும் மற்றொரு குழந்தையிடமிருந்தே வருகிறது.

சிறுகுடலின் உட்சுவரில் மிக நுண்ணிய விரல்களைப் போன்ற உறிஞ்சிகள் உள்ளன. உணவின் சத்தையும் நீரையும் உடலுக்குள் இழுப்பவை அவையே. இந்த வைரஸ் அவற்றின் நுனியில் உள்ள உயிரணுக்களை அழித்துவிடுகிறது. குடித்த பால் செரிக்காமல் வெளியேறுகிறது. உடலின் நீரும் உப்பும் கூடவே போய்விடுகின்றன. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த வறட்சிதான். ஆகவே, பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்ற பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும். கிளினிக்கிலும் மருந்துக்கடையிலும் கிடைக்கும் உப்பு-சர்க்கரைத் தூளைப் பாக்கெட்டில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கழிச்சல் கண்ட கன்றுக்கும் கால்நடை மருத்துவர்கள் இத்தகைய கரைசலையே புகட்டச் சொல்கிறார்கள். ஆனால் கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், சிறுநீரும் குறைந்துவிட்டால் கரண்டியை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சுத்தமாக இருந்தால் வராதா என்று கேட்கலாம். சுத்தம் மிகவும் அவசியந்தான். ஆயினும் இந்தக் கிருமி வசதியான வீடு, ஏழை வீடு என்று பார்ப்பதில்லை. தடுப்பு மருந்து பரவுவதற்கு முன் உலகில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஐந்து வயதுக்குள் ஒரு முறையாவது அது தொற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2008ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 450,000 குழந்தைகள் இதனால் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஏழை நாட்டுப் பிள்ளைகள்.

தடுப்பு மருந்திலும் விலங்குகளின் உதவி உண்டு. குரங்கின் வைரசை அடிப்படையாகக் கொண்ட முதல் மருந்து 1998இல் அமெரிக்காவில் வந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் ஆபத்து தெரிந்ததும், மறு ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. நேர்மையான முடிவுதான். எனினும் பேதியால் பிள்ளைகள் நாள்தோறும் இறந்துகொண்டிருந்த நாடுகள் அடுத்த மருந்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. அடுத்து வந்த இரண்டு மருந்துகளும் ஒவ்வொன்றும் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, பென்சில்வேனியாவில் 1981இல் நோயுற்ற ஒரு கன்றிடம் கண்ட வைரசிலிருந்து உருவானது.

இந்தியாவின் மருந்து இன்னும் வியப்பானது. 1980களில் டில்லியில் பச்சிளங்குழந்தைகள் சிலரிடம் ஒரு ரோட்டா வைரஸ் காணப்பட்டது. அவர்களுக்கு நோயின் அறிகுறியே இல்லை. மருத்துவர் எம்.கே.பான் முதலியோர் ஆராய்ந்தபோது, அது மனித வைரசாயினும் அதன் பதினொரு மரபணுத் துண்டுகளில் ஒன்று மாட்டு வைரசுக்கு உரியதாக இருந்தது. மற்றவர் ஆய்வுக்கூடத்தில் செய்த கலப்பை இயற்கையே அங்கு செய்து வைத்திருந்தது. அதிலிருந்து செய்த சொட்டு மருந்தை டில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தனர். வேலூரில் அப்பணியை நடத்தியது கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி. கடுமையான ரோட்டா பேதி பாதிக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது என்ற முடிவு 2014இல் வெளியானது. பாதிதானா என்று தோன்றலாம். இலட்சக்கணக்கில் பிள்ளைகள் பிறக்கும் நாட்டில் அந்தப் பாதி பெரிய எண்ணிக்கையாகும். 2016 முதல் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்திலும் ரோட்டா மருந்து சேர்ந்தது.

மாட்டுக்கு வேறு வழி. கன்று தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தியை ஏறக்குறைய பெறுவதே இல்லை. பிறந்த சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலே அதற்குக் காப்பு. அதனால் சினைப்பசுவுக்கு ஊசி போட்டு, சீம்பால் வழியாகக் கன்றைக் காக்கிறார்கள். நம் குழந்தைகளுக்கோ வாய்வழிச் சொட்டு மருந்து. ஆறு வாரம் ஆனதும் தொடங்கலாம். வீட்டில் பேரப்பிள்ளை பிறந்திருந்தால் அடுத்த பரிசோதனையின்போதே மருத்துவரிடம் கேளுங்கள். பல நாடுகளில் முதல் தவணைக்குப் பதினைந்து வாரமே எல்லை என்பதால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாள் கடந்துவிடும்.