ஓடையின் கணக்கை எழுதி வைக்க ஒரு பென்டிரைவ்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இருமுறை ஜோகூர் ஆறு கரைபுரண்டு கோத்தா திங்கி நகரை மூழ்கடித்தது. 2023 மார்ச்சில் பத்து பகாட் வட்டாரத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. பெரிய ஆறுகளின் நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறை அளந்து இணையத்தில் வெளியிடுகிறது. செம்பனைத் தோட்டத்தின் பின்புறம் ஓடும் ஒவ்வொரு சின்ன ஓடைக்கும் அரசாங்கம் கருவி வைக்க முடியாது. அதை ஒரு பள்ளியின் அறிவியல் மன்றம் செய்யலாம். ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அல்ட்ராசோனிக் சென்சார், சிறிய சோலார் தகடு, பேட்டரி இருந்தால் போதும். ஆனால் கைப்பேசி சிக்னல் எட்டாத இடத்தில் அளவுகளை எதில் எழுதி வைப்பது? பலருக்கும் முதலில் தோன்றுவது பென்டிரைவ்தான்.

அது இந்த வட்டாரத்துக்கு நெருக்கமான பொருளும்கூட. ஜோகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'தம்ப்டிரைவ்' என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிலாங்கூரின் செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங், நண்பர்களோடு தைவானில் தொடங்கிய ஃபைசன் நிறுவனம் 2001இல் அதன் கட்டுப்பாட்டுச் சுற்றை ஒரே சில்லுக்குள் அடக்கியது.

கணினியில் செருகியதும் திறந்துகொள்ளும் பென்டிரைவ், ஆர்டுயினோ ஊனோ (ஆர் 3) பலகையோடு நாலு கம்பிகளால் இணைத்தால் வாய் திறக்காது. யு.எஸ்.பி. இணைப்பின் இரு முனைகளும் சமமல்ல. ஒரு முனை கட்டளையிடும் ஹோஸ்ட். மறுமுனை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் டிவைஸ். பென்டிரைவ் எப்போதும் டிவைஸ். ஊனோவின் யு.எஸ்.பி. துளையும் டிவைஸாகவே வேலை செய்வது. இரண்டும் கட்டளைக்குக் காத்திருந்தால் பேச்சை யார் தொடங்குவது?

ஹோஸ்டின் வேலை லேசானதல்ல. செருகியவுடன் பென்டிரைவ் தனக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடையால் ஒரு தரவுக் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் வருகையைத் தெரிவிக்கும். ஹோஸ்ட் அதைக் கவனித்து, 'நீ யார், எந்த வகை?' என்று விசாரித்து, ஓர் எண்ணைக் கொடுக்கும். அதன்பின் ஒவ்வொரு கட்டளையும் சரியாக 31 பைட் கொண்ட பொட்டலமாகப் போக வேண்டும். பிறகு தரவு 512 பைட் கட்டங்களாகப் போகும் அல்லது வரும். முடிவில் 13 பைட்டில் 'ஆயிற்று' அல்லது 'ஆகவில்லை' என்ற பதில். இதற்கும் மேலே கோப்புகளின் பெயர், அளவு, இருப்பிடம் ஆகியவற்றைப் பராமரிக்கும் ஃபேட் அமைப்பையும் நிரல் அறிந்திருக்க வேண்டும். ஊனோவிடம் இருக்கும் ரேம் நினைவகமோ மொத்தம் 2 கிலோபைட்.

வழிகள் உண்டு. சீனாவின் சி.எச். 376 என்ற மலிவான சில்லு ஹோஸ்ட் வேலையையும் ஃபேட் கணக்கையும் தானே பார்த்துக்கொள்ளும். 'கோப்பைத் திற, எழுது, மூடு' என்று சொன்னால் போதும். இல்லையென்றால் ஹோஸ்டாகவே இயங்கக்கூடிய ஈ.எஸ்.பி. 32 எஸ் 3 போன்ற பலகையை வாங்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

கொள்ளளவு பற்றிக் கவலையே வேண்டாம். நிமிடத்துக்கு 20 பைட் என்றால் நாளுக்கு 28,800 பைட். ஆண்டு முழுவதற்கும் சுமார் 10.5 மெகாபைட். கடையில் கிடைக்கும் மிகச் சிறிய பென்டிரைவே தாராளம்.

கவலைப்பட வேண்டியது மின்சாரத்தைப் பற்றி. மைக்ரோகண்ட்ரோலரைத் தூங்க வைத்தாலும், மின்னிணைப்பில் இருக்கும் பென்டிரைவ் சும்மா இருக்கும்போதே பல மில்லி ஆம்பியர் இழுக்கும். மேகம் மூடிய மழை வாரத்தில் சோலார் பேட்டரிக்கு அது தாங்காது. அதைவிட மோசமானது, எழுதும் நடுவில் மின்சாரம் போவது. தரவு ஓரிடத்திலும் கோப்பின் அளவு வேறோரிடத்திலும் பதிவாகின்றன. தரவு ஏறி, அளவு ஏறாமல் நின்றால், கணினியில் திறக்கும்போது புதிய கோப்பு 0 பைட் என்று காட்டும். ஃபிளாஷ் நினைவகம் எழுதிய இடத்தின் மேலேயே எழுதாது. பழைய தரவை வேறிடத்துக்கு நகர்த்தி, ஒரு தொகுதியையே அழித்துவிட்டுத்தான் மறுபடி பயன்படுத்தும். அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால் பழைய பதிவுகளும் போகலாம். வெள்ள இரவின் அளவுகள் இப்படி அழிந்தால் கருவி வைத்ததற்கே பொருளில்லை.

அதனால் பென்டிரைவை நிரந்தரமாகச் செருகி வைப்பது தவறு. அன்றாடப் பதிவு, ஈரம் புகாத பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோ எஸ்.டி. அட்டையில் நடக்கட்டும். அதற்கு யு.எஸ்.பி. ஹோஸ்ட் தேவையில்லை, 3.3 வோல்ட் போதும். ஒவ்வோர் அளவுக்குப் பின்னும் கோப்பை மூடிவிட வேண்டும். பெட்டியின் வெளிப்புறத்தில் ரப்பர் மூடியோடு ஒரு யு.எஸ்.பி. துளையும் பொத்தானும் வையுங்கள். மாதம் ஒருமுறை போகும் மாணவர் பென்டிரைவைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் அப்போது மட்டும் அதற்கு மின்சாரம் போய், கோப்பு நகலாகி, பச்சை விளக்கு எரியும். பெட்டியைத் திறக்கவோ மடிக்கணினியைச் சேற்றுக்குள் தூக்கிப்போகவோ வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். ஜோகூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, பள்ளிக்கு அருகில் ஓடை இருந்தால், மழைக்கு முன்பே ஒரு கருவியைச் செய்து நிறுத்துங்கள்.