மீவிரைவுச் சில்லுச் சோதனையில் சாக்கெட்டும் இணைப்புப் பொருள்களும்: திண்டுக்கல் சமவெளிக் கல்லூரி ஆய்வகங்களை முன்வைத்து

முன்னுரை

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த ‘சக்தி’ நுண்செயலி 2018ஆம் ஆண்டு மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவாக்கப்பெற்றது. 2022இல் தொடங்கப்பெற்ற ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்டப்’ திட்டம் 85,000 பொறியாளர்களைச் சில்லுத் துறைக்கு உருவாக்குவதை இலக்காகக் கொண்டது. இதன்வழிக் கல்லூரி மாணவர்களின் வடிவமைப்புகளும் அதே ஆய்வகத்தில் சில்லுகளாகின்றன. பல மாதக் காத்திருப்புக்குப் பின் ஒரு மாணவர் குழுவின் கைக்கு வருபவை விரல்விட்டு எண்ணத்தக்க சில்லுகளே. அவற்றைச் சோதிக்கும் சாக்கெட்டு தவறானதாயின் நல்ல சில்லும் பழுதுடையதாகத் தோன்றும். திண்டுக்கல் சமவெளியிலுள்ள ஒரு கல்லூரி, குறைந்த செலவில் இப்பிழையை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சாக்கெட்டு என்னும் சொல்லே ஆய்வகத்திலும் பழுதுநீக்கும் கடைகளிலும் வழங்குவதால் இங்கும் அதுவே கையாளப்படுகிறது.

விரைவு என்பது யாது?

சில்லின் கடிகார அதிர்வெண்ணை மட்டும் கொண்டு சாக்கெட்டைத் தேர்வது பரவலாகக் காணப்படும் பிழையாகும். உண்மையில் நோக்கத்தக்கது, குறிகை தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏற எடுத்துக்கொள்ளும் நேரம். 0.35ஐ அந்நேரத்தால் வகுத்தால் தேவைப்படும் அலைவரிசை அகலம் கிட்டும். 1 நானோநொடியில் ஏறும் குறிகைக்கு 350 மெகாஹெர்ட்சு போதும். 100 பிக்கோநொடியில் ஏறுவதற்கு 3.5 கிகாஹெர்ட்சு வேண்டும். கடிகாரம் 50 மெகாஹெர்ட்சேயாயினும் கூர்மையாக ஏறும் குறிகை சாக்கெட்டைச் சோதனைக்குள்ளாக்கும்.

சாக்கெட்டின் ஒவ்வொரு தொடுமுனையும் ஒரு சிறு கம்பி. ஆதலின் அதற்கு மின்தூண்டல் எண் உண்டு. 1 நானோஹென்றி அளவு, 1 கிகாஹெர்ட்சில் ஏறத்தாழ 6.3 ஓம் எதிர்ப்பையும் 10 கிகாஹெர்ட்சில் 63 ஓம் எதிர்ப்பையும் தரும். 50 ஓம் தடத்தில் பின்னது ஒரு சுவருக்கு ஒப்பாகும். இதனினும் தொல்லை தருவது தரைக்கால்களில் எழும் மின்னழுத்தமே. எட்டு வெளியீடுகள் ஒரே கணத்தில் மாறி, ஒவ்வொன்றும் 20 மில்லிஆம்பியரை 1 நானோநொடிக்குள் ஒரே தரைக்கால் வழியே செலுத்துவதாகக் கொள்வோம். அக்காலுக்குரிய தொடுமுனை 1.5 நானோஹென்றி உடையதாயின் தரைநிலை 0.24 வோல்ட்டு எழும்பும். 180 நானோமீட்டர் சில்லின் உட்கரு இயங்குவதே 1.8 வோல்ட்டில்தான், எட்டில் ஒரு பங்குக்கும் மேல் அங்கேயே அலைக்கழிகிறது. தரைக்கால்களை நான்காக்கினால் இது 0.06 வோல்ட்டாகக் குறையும். சாக்கெட்டுக்குச் செலவிடும் முன்னரே, வடிவமைப்பு நிலையில் செலவின்றிச் செய்யத்தக்க திருத்தம் இது.

சாக்கெட்டு வகைகள்

தகட்டு முனைகளும் மூடியும் கொண்ட பழகுசோதனைச் சாக்கெட்டுகள் மலிவானவை, முனைகள் நீளமானவை. மின்கசிவு, நேர்மின் அளவீடுகள், மெதுவான தருக்கச் சோதனை ஆகியவற்றிற்கு இவை முற்றிலும் போதும். அடுத்தது விற்சுருள் ஊசி வகை. குழல், அதனுள் சுருள், நுனியில் ஊசி என்னும் அமைப்பு. மின்தூண்டல் எண் பெரும்பாலும் 1 முதல் 2 நானோஹென்றி வரை. சுருள் ஊசியைத் தள்ளி நிறுத்தும் இந்நுட்பம், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுகளின் ஊருக்குப் புதிதன்று. அழுத்தம் குறைந்தால் தொடுகை நிலைக்காது, மிகுந்தால் உறுப்பு தேயும் என்பதைப் பூட்டுத் தொழிலாளர் கையனுபவத்தால் அறிவர். மூன்றாவது, சிலிக்கோன் இரப்பருக்குள் வெள்ளித் துகள் தூண்களோ தங்க இழைகளோ பதித்த மென்தகடு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தால் மின்தூண்டல் எண் மிகக் குறைவு. பல கிகாஹெர்ட்சுக்கு ஏற்றது. ஆனால் இலட்சக்கணக்கான செருகலைத் தாங்கும் ஊசிகளின் ஆயுள் இதற்கு இல்லை.

சாக்கெட்டின் விலை தொழிற்சாலையின் கணக்கைச் சார்ந்தது; அங்கு ஆயுளே விலையை நியாயப்படுத்துகிறது. பத்துச் சில்லுகளைச் சில நூறு முறை செருகும் கல்லூரி அந்த ஆயுளுக்குப் பணம் செலுத்தத் தேவையில்லை. ஆகவே விரைவுச் சோதனைக்கு மென்தகடும், பிறவற்றிற்குத் தகட்டுமுனைச் சாக்கெட்டும் கொள்வது விலையுயர்ந்த ஊசிச் சாக்கெட்டு ஒன்றை வாங்குவதினும் பொருத்தமானது.

பலகையும் பூச்சும்

எஃப்ஆர்-4 எனப்படும் கண்ணாடியிழை எபாக்சிப் பலகையின் இழப்பு எண் ஏறத்தாழ 0.02; ரோஜர்சு ஆர்ஓ4350பி பலகைக்கு 0.0037. பலகைக்குள் புதைந்த 10 சென்டிமீட்டர் தடத்தில், 5 கிகாஹெர்ட்சில் மின்காப்புப் பொருளால் மட்டும் நேரும் இழப்பு முன்னதில் சுமார் 1.9 டெசிபெல், பின்னதில் 0.3 டெசிபெல். தடத்தை 2 சென்டிமீட்டராகச் சுருக்கினால் எஃப்ஆர்-4இலேயே இழப்பு 0.4 டெசிபெல்லுக்கு இறங்கும். தடத்தைச் சுருக்க இயலாதவிடத்து மேலடுக்கை மட்டும் ஆர்ஓ4350பியாகவும் ஏனையவற்றை எஃப்ஆர்-4ஆகவும் அமைக்கலாம். சாக்கெட்டு மேற்பரப்பை அடைத்துக்கொள்வதால் மின்தேக்கிகளைப் பலகையின் அடிப்புறத்தில், மின்வழங்கு கால்களுக்கு நேர்கீழே வைத்தல் வேண்டும். தொடுமுனை அழுந்தும் இடங்களில் மெல்லிய தங்கப் பூச்சு விரைவில் தேயும். அவ்விடங்களுக்கு மட்டும் கடினத் தங்கப் பூச்சு கேட்டுப் பெறலாம்.

நூற்பாலைகள் செறிந்த வட்டாரத்தில் பஞ்சிழை ஒரு தனிச் சிக்கல். தொடுமுனைக்கும் சில்லின் காலுக்கும் இடையில் சிக்கும் ஓர் இழை, விட்டுவிட்டுத் தோன்றும் பழுதாக வெளிப்படும். தோல் பதனிடும் ஆலைகளின் காற்றில் கலக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்கச் செய்வன. ஆதலின் வெள்ளித்துகள் மென்தகட்டை, பயன்படுத்தாத வேளையில் காற்றுப்புகா உறையில் ஈரமுறிஞ்சியுடன் வைத்தல் வேண்டும். சில்லின் கால்களிலுள்ள வெள்ளீயம் தங்க முனையில் ஒட்டி ஆக்சைடாகி மின்தடையைக் கூட்டும். அவ்வப்போது ஐசோபுரோப்பைல் ஆல்ககாலும் மென்தூரிகையும் கொண்டு முனைகளைத் துடைக்க வேண்டும்.

சாக்கெட்டையே சோதித்தல்

சில்லைச் செருகுமுன், அதே வடிவில் எல்லாக் கால்களும் ஒன்றிணைந்த செப்புத்துண்டு ஒன்றைச் செருகி, நான்கு முனை முறையில் ஒவ்வொரு தொடுகையின் மின்தடையையும் குறித்துவைக்கலாம். பின்னர் அளவு உயர்ந்தால் அது சாக்கெட்டின் தேய்மானம். இதனினும் நம்பத்தக்க வழி ஒன்று உண்டு. ஆயின் மாணவர்கள் அதற்கு எளிதில் உடன்படுவதில்லை. வந்த சில்லுகளுள் ஒன்றை, அதே தட அமைப்புடைய மற்றொரு பலகையில் பற்றாசிட்டு நிலையாகப் பொருத்திவிடுவதே அது. அச்சில்லை மீண்டும் கழற்ற இயலாது. எனினும் சாக்கெட்டிலுள்ள சில்லுகள் அனைத்தும் ஒரே அதிர்வெண்ணில் தவற, பற்றாசிட்டது மட்டும் அதைக் கடந்து இயங்குமாயின், திருத்தப்பட வேண்டியது மாணவரின் வடிவமைப்பன்று, சாக்கெட்டே.