யந்திரம் கற்பித்த பாடம்

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு சரித்திர உபாத்தியாயர் புதிதாக என்ன கற்றுக்கொண்டு விடப் போகிறார்? காபியில் சர்க்கரையைக் குறைக்கக் கற்றுக்கொள்ளலாம். மூக்குக் கண்ணாடியை வைத்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றுதான் சென்ற ஆண்டு வரையில் நான் எண்ணிக் கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தை ஒரு கணினி விளையாட்டு மாற்றிவிட்டது. அதை ஆடியதனால் அல்ல. எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு பழைய மடிக்கணினியில், அதை நாங்களே கட்டி எழுப்பியதனால்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் என் மகள் புத்தகப் பையைக் கீழே வைத்தாள். "அப்பா! என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுங்கள். எனக்கு இது வராது" என்றாள். சாதாரணமாக எதற்கும் கலங்காத பெண். அவள் கண்கள் கலங்கியிருந்தன. விசாரித்தேன். அவள் எழுதும் நிரல் ஒவ்வொன்றும் 'பிழை, பிழை' என்றே திரும்பி வருகிறதாம். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓடுகிறதாம். பிரிவு மாற விரும்புகிறவர்கள் திங்கட்கிழமைக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டுமாம். மனுவையும் ஒரு தாளில் எழுதியே கொண்டு வந்திருந்தாள். தகப்பன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி!

எனக்கோ அந்தச் சாஸ்திரத்தில் அரிச்சுவடியும் தெரியாது. அதில் தேர்ச்சி பெற்ற நண்பர் ஒருவரிடம் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே, "பாடப் புத்தகத்தை இரண்டு நாளைக்கு மூடி வையுங்கள். நெட்ஹேக் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. அதை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து பாருங்கள். குழந்தையைத் தனியே விடாதீர்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு பேருக்கும் தெரியாது என்பதுதான் விசேஷம்" என்றார்.

விதைநெல்லும் வெந்த சோறும்

மூலநிரல் என்றால் என்ன? நாம் கடையில் வாங்கும் அல்லது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் மென்பொருள் வெந்த சோறு போன்றது. பசி தீரும், ஆனால் அதை வயலில் விதைத்தால் முளைக்காது. மூலநிரல் விதைநெல். மனிதர் படிக்கக்கூடிய மொழியில், மனிதர் எழுதி வைத்த கட்டளைகள் அவை. கம்பைலர் என்னும் மென்பொருள் அவற்றைப் படித்து, கணினிக்கு மட்டுமே விளங்கும் எண்களாக மாற்றிக் கொடுக்கிறது. விதைநெல்லையும் சேர்த்தே ஊராருக்கு வழங்குவதைத்தான் 'திறமூலம்' என்கிறார்கள்.

நெட்ஹேக்கின் பூர்வோத்தரம் ஒரு சரித்திர உபாத்தியாயரின் மனத்தைக் கவரக் கூடியது. 1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 'ரோக்' என்ற விளையாட்டுத் தோன்றியது. பாதாளச் சுரங்கத்துக்குள் இறங்கி, அரக்கர்களோடு போராடி மீளும் விளையாட்டு அது. மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் லிங்கன்-சட்பரி என்ற உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே பிரையன் ஹார்வி என்னும் ஆசிரியர் ஒரு கணினிக் கூடத்தை அமைத்து, அதைப் பேணும் பொறுப்பில் பெரும் பங்கை மாணவர்களிடமே ஒப்படைத்திருந்தார். அந்த மாணவர்களில் ஒருவரான ஜே பென்லாசனும் அவருடைய தோழர்களும் ரோக்கைக் கண்டு மயங்கி, அதன் மூலநிரலைக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. "கிடைக்காவிட்டால் போகட்டும்" என்று 1982ஆம் ஆண்டில் தாங்களே அதைப் போன்ற ஒன்றை எழுதினார்கள். அதற்கு 'ஹேக்' என்று பெயர்.

தங்களுக்குக் கிடைக்காததை அவர்கள் பிறருக்கு மறுக்கவில்லை. ஹேக்கின் மூலநிரல் கை மாறி ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்றது. அங்கே ஆண்ட்ரீஸ் பிரௌவர் என்ற கணித அறிஞர் அதை விரிவாக்கி, 1984ஆம் ஆண்டின் இறுதியில் கணினி வலையின் மூலம் உலகத்துக்கு அளித்தார். பிறகு மைக் ஸ்டீபன்ஸன் என்பவரும், பென்ஸில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த இட்ஸாக் மில்லரும், ஜேனட் வால்ஸ் என்ற பெண்மணியும் முன்னின்று, வலை வழியே பலர் கூடி உழைத்து, 1987ஆம் ஆண்டில் வெளிவந்ததுதான் நெட்ஹேக். பள்ளிப் பிள்ளைகள் ஊன்றிய விதை அது! இந்தக் கதையைச் சொன்னபோது என் மகள் அந்த மனுத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "அவர்களுக்கு அப்போது என்ன வயசு, அப்பா?" என்று கேட்டாள். "ஏறக்குறைய உன் வயதுதான்" என்றேன்.

சனிக்கிழமை யுத்தம்

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான 3.6.7 என்ற பதிப்பின் மூலநிரலை இறக்கினோம். சில மெகாபைட் அளவே உள்ள ஒரு மூட்டை. அவிழ்த்தால் நூற்றுக்கணக்கான கோப்புகள்! பெரும்பாலானவை 'சி' என்ற மொழியில் எழுதப்பட்டவை. கூடவே, எந்த வகைக் கணினியில் எப்படிக் கட்ட வேண்டும் என்று விளக்கும் குறிப்பேடு ஒன்றும் இருந்தது. அதைப் படிக்காமலே நான் 'மேக்' என்ற கட்டளையைத் தட்டச் சொன்னேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு அல்லவா?

"அப்படி ஒரு கட்டளை இல்லை" என்றது யந்திரம். என் மகள் என்னைப் பார்த்தாள். 'நான் சொன்னேன் அல்லவா, எனக்கு இது வராது என்று?' என்பது அந்தப் பார்வையின் பொருள். "அந்தச் செய்தியை ஒரு காகிதத்தில் அப்படியே எழுதிக்கொள், அம்மா" என்றேன். கைக்கு அகப்பட்டது அந்த மனுத் தாள். அதன் பின்புறத்தில் எழுதினாள். எழுதும்போதுதான் இருவருக்கும் விளங்கிற்று. யந்திரம் எங்களைத் திட்டவில்லை. 'மேக் என்ற கருவி என்னிடம் இல்லை' என்று தன் குறையைத்தான் சொல்லியிருக்கிறது! கம்பைலரும் மேக்கும் அடங்கிய தொகுப்பை நிறுவினோம். குறிப்பேட்டையும் இந்தத் தடவை முதல் வரியிலிருந்து படித்தோம். லினக்ஸுக்குரிய ஆயத்தக் கட்டளையை முதலில் கொடுத்தோம்.

பிறகு மேக் ஓடத் தொடங்கியது. சமையற்காரரிடம் கொடுக்கும் ஜாபிதாவைப் போல, எது முதல், எது பிறகு, எதற்கு எது வேண்டும் என்ற விவரம் ஒரு கோப்பில் இருக்கிறது. அதன்படியே எல்லாம் நடக்கிறது. நெட்ஹேக்கில் ஒரு வேடிக்கை: முதலில் ஒரு சிறிய நிரல் உருவாகிறது. அந்த நிரல், மூலநிரலின் வேறு சில பகுதிகளைத் தானே எழுதித் தருகிறது. வார்ப்படம் வார்ப்பதற்கு முன்னால் அச்சைச் செய்துகொள்வதைப் போல!

வரி வரியாகத் திரை நகர்ந்தது. திடீரென்று நின்றது. 'கர்சஸ்' என்ற ஒன்றின் கோப்பு இல்லையாம். திரையில் எழுத்துக்களை வேண்டிய இடத்தில் வைப்பதற்கான துணை நூலகம் அது. "அது இந்தக் கணினியில் இருக்கிறதே, அப்பா! தேடிப் பார்த்துவிட்டேன்" என்றாள் மகள். உண்மைதான். நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். "நூலகம் இருக்கிறது, அதன் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாமல் கம்பைலர் எந்தப் புத்தகத்தைக் கேட்பது? மென்பொருள் கட்டுகிறவர்களுக்கென்று அது தனியாகக் கிடைக்கும்" என்றார். அதையும் நிறுவினோம். இன்னும் இரண்டு தடைகள் வந்தன. இரண்டும் மனுத் தாளின் பின்புறத்தில் ஏறின. இரவு ஒன்பது மணிக்கு ஒரு பிழையும் இன்றி மேக் முடிந்தது. என் மனைவி மூன்றாம் முறையாகச் சாப்பிடக் கூப்பிட்ட நேரமும் அதுவேதான்.

ஞாயிற்றுக்கிழமை வணக்கம்

நாங்கள் கட்டிய வகையில் படங்கள் கிடையாது. எழுத்துக்களே உலகம். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே, அந்தச் சுழிக்குறிதான் கதாநாயகன். பாதாளத்தின் அடியில் உள்ள யெண்டாரின் தாயத்தை அவன் கொண்டு வர வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் சுரங்கம் புதிதாக அமைகிறது. ஆரம்பத்தில் விளையாட்டு ஆங்கிலத்தில் 'ஹலோ' என்று வரவேற்கிறது. "இதை 'வணக்கம்' என்று மாற்ற முடியுமா, அப்பா?" என்றாள் மகள். விதைநெல் கையில் இருக்கும்போது ஏன் முடியாது?

அந்தச் சொல் இருக்கும் கோப்பைத் தேடிக் கண்டுபிடித்தாள். இந்தப் பதிப்புக்குத் தமிழ் எழுத்துக்களைக் கையாளத் தெரியாது. ஆகையால் ஆங்கில எழுத்துக்களிலேயே 'வணக்கம்' என்று எழுதினாள். மறுபடியும் மேக். மூன்று நான்கு பிழைகள் ஒரே சமயத்தில் வந்து விழுந்தன! அவள் முகம் வாடியது. "முதலாவதை மட்டும் படி" என்றேன். கோப்பின் பெயர், வரி எண், அந்த வரியில் இன்ன இடம் என்பது வரைக்கும் அதில் இருந்தது. சொல்லுக்குப் பின்னால் போட வேண்டிய மேற்கோள் குறியை அவள் மறந்திருந்தாள். அதைப் போட்டதும் அத்தனை பிழைகளும் ஒருங்கே மறைந்தன. கம்பைல் ஆகச் சில நொடிகளே பிடித்தன. மாறிய கோப்பை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டு, மற்றவற்றை மேக் அப்படியே வைத்துக்கொள்கிறது.

ஆவலோடு ஆட்டத்தைத் தொடங்கினாள். வால்கிரி என்ற வீராங்கனையாக நுழைந்தாள். 'வெல்கொமன்' என்றது விளையாட்டு! பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வணக்கமும் இல்லை. கம்பைலர் பார்ப்பது இலக்கணத்தை மட்டுமே; நாம் நினைத்தது நடந்ததா என்று பார்க்க அதற்குத் தெரியாது. மறுபடியும் அந்தக் கோப்பைப் படித்தோம். வால்கிரிக்கு வடதேசத்து வரவேற்பு, ஸாமுராய்க்கு ஜப்பானிய வரவேற்பு, சுற்றுலாப் பயணிக்கு ஹவாய் வரவேற்பு என்று தனித்தனியே வகுத்திருந்தார்கள். தனி வரவேற்பு இல்லாதவர்களுக்குத்தான் 'ஹலோ'. உடனே நான் எனக்கு உகந்த தொல்பொருள் ஆராய்ச்சியாளனாக அவதாரம் எடுத்தேன். 'வணக்கம்' என்று வரவேற்றது விளையாட்டு. என் மகள் கை கொட்டிச் சிரித்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

நெட்ஹேக்கின் உரிமப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு. யார் வேண்டுமானாலும் மூலநிரலைப் பிரதி எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் மாற்றிய கோப்பில், மாற்றியவர் இன்னார், மாற்றிய தேதி இன்னது என்று தெரியும்படி குறிக்க வேண்டும். என் மகள் அந்தக் கோப்பின் தலைப்பில் தன் பெயரையும் அன்றைய தேதியையும் மெதுவாக, எழுத்துக் கூட்டி எழுதினாள். அந்த மாஸசூஸெட்ஸ் பிள்ளைகளின் வரிசையில் அவளும் கடைசியில் ஓர் இடம் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் மனுவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. பின்புறம் முழுவதும் பிழைச் செய்திகள் நிறைந்த ஒரு தாளை எந்தத் தலைமை ஆசிரியரிடம் கொடுப்பது? இன்றைக்கும் அவள் நிரல்களில் பிழைகள் வருகின்றன. முதலாவதைப் படிக்கிறாள், திருத்துகிறாள், அடுத்ததுக்குப் போகிறாள்.

பாடம் அவளுக்கு மட்டும் அல்ல. அன்று மாலை நான் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் மேஜைமீது காத்திருந்தன. முன்பு திருத்தியவற்றை எடுத்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'தவறு', 'தவறு' என்று எழுதியிருந்தேன். எந்த வரியில், எந்த இடத்தில், என்ன இருந்திருக்க வேண்டும் என்று ஓரிடத்திலாவது சொல்லியிருக்கிறேனா? கிடையாது. உயிரற்ற யந்திரம் காட்டிய பொறுமையைக்கூட இருபது வருஷ உபாத்தியாயர் காட்டவில்லை! எத்தனை குழந்தைகள் அந்தச் சிவப்பு மையைப் பார்த்து, 'எனக்கு இது வராது' என்று மனத்துக்குள் மனு எழுதினார்களோ? இப்போதெல்லாம் ஒரு கட்டுத் திருத்த எனக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. ஆகட்டும்.

கடைசியாக ஒரு செய்தி. அந்தத் தத்துவப் பேராசிரியர் இட்ஸாக் மில்லர் 1994ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய பெயரைத் தோழர்கள் விளையாட்டுக்குள்ளேயே நிலைநிறுத்தியிருக்கிறார்கள். பாதாளத்தில் ஒரு சுரங்க நகரம் உண்டு. அங்கே இட்ஸாக் என்ற வியாபாரி விளக்குக் கடை வைத்திருக்கிறார். நானும் என் மகளும் இன்னும் அந்தக் கடை வரையில் உயிரோடு போய்ச் சேரவில்லை. வழியிலேயே ஏதாவது ஒரு பூதம் எங்களை விழுங்கிவிடுகிறது. ஆனால் என்றைக்காவது போய்ச் சேர்ந்தால், அவர் எங்களை எப்படி வரவேற்பார் என்பது எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். 'வணக்கம்' என்றுதான்!