மேற்கின் கண்ணில் சீனா: அன்றும் இன்றும்

லண்டன் கியூ தோட்டத்தில் 1762இல் பத்து அடுக்குப் பகோடா ஒன்று எழுந்தது. கட்டியவர் வில்லியம் சேம்பர்ஸ்; இளவயதில் வணிகக் கப்பலேறிச் சீனாவின் கேன்டன் வரை போய்வந்தவர். கூரை முனைகளில் வண்ணம் தீட்டிய 80 மர டிராகன்கள். ஐரோப்பியச் சீமான்களுக்குச் சீனப் பித்து தலைக்கேறியிருந்த காலம் அது. பட்டு, தேநீர், பீங்கான், சுவரில் ஒட்டும் காகிதம் வரை சீனப் பாணிதான் வேண்டும்.

மோகம் பொருளோடு நிற்கவில்லை. சீனா சென்ற இயேசு சபைத் துறவிகளின் எழுத்துகளைப் படித்துப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் சொக்கிப்போனார். பிறப்பைப் பாராமல் தேர்வு வைத்து அதிகாரிகளை எடுக்கும் நாடு, பாதிரிமார் பிடியில் சிக்காத அரசு என்று புகழ்ந்தார். பிரான்சின் பிரபுக்களையும் மதகுருமார்களையும் சாட அந்தச் சீனா அவருக்குத் தோதாக இருந்தது. இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளரான மாண்டெஸ்க்யூவோ 1748இலேயே அதே நாட்டை அச்சத்தால் ஆளும் கொடுங்கோல் என்று எழுதிவிட்டார். இருவருமே சீன மண்ணை மிதித்ததில்லை.

1793இல் காற்று திசைமாறியது. வணிகச் சலுகை கேட்டுப் போன பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி, நெற்றி தரையில் பட வணங்க மறுத்து ஒற்றைக்கால் மண்டியிட்டார். உங்கள் சரக்கு எங்களுக்குத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார் சியன்லுங் பேரரசர். வெறுங்கையோடு திரும்பியவர், உருவத்தால் மட்டுமே மிரட்டும் பழைய போர்க்கப்பல் என்று சீனாவை வர்ணித்தார். 1842இல் பிரிட்டனுடனான அபினிப் போரில் சீனா தோற்றபின் அந்த ஏளனமே பொதுக் கருத்தாகிவிட்டது. முன்பு 'நிலைத்த நாகரிகம்' என்று மெச்சியதற்குத் 'தேக்கம்' என்று பெயர் விழுந்தது.

அமெரிக்காவில் ரயில் பாதை போட்ட சீனக் கூலிகளின் உழைப்பே அவர்களுக்கு வினையானது. நம் வயிற்றில் அடிக்க வந்தவர்கள் என்ற கூச்சல் எழ, 1882இல் சீனத் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடைச் சட்டம் வந்தது. 1913இல் ஃபூ மான்சூ என்ற கொடூரச் சீன வில்லன் நாவலில் பிறந்தான். தடைச் சட்டம் நீங்கியது 1943இல். அப்போது ஜப்பானுக்கு எதிரான போரில் சீனா கூட்டாளி ஆகியிருந்தது. கொரியப் போரில் மறுபடி எதிரி. 1972இல் சோவியத்தை மடக்க வேண்டி நிக்சன் பெய்ஜிங் போனதும் மறுபடி நண்பன்.

திரையிலும் இதே கதைதான். அமெரிக்க எழுத்தாளர் பெர்ல் பக்கின் சீன விவசாயிகள் கதை 1937இல் 'தி குட் எர்த்' என்று ஹாலிவுட் படமானது. நாயகன், நாயகி இருவருமே சீன ஒப்பனை போட்ட வெள்ளையர்கள். நாயகியாக நடித்த லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கர் கிடைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன வம்சாவளி நட்சத்திரம் அன்னா மே வோங்குக்கு அந்த வேடம் தரப்படவில்லை. 2022இல் அவர் முகத்தை கால் டாலர் நாணயத்தில் பொறித்தது அமெரிக்க அரசு. அதற்குச் சற்று முன்புதான், கொரோனாவைச் சாக்கிட்டு ஆசிய முகங்கள் அமெரிக்கத் தெருக்களில் தாக்கப்பட்டன.

தொழில்நுட்பத்தைத் திருடுகிறது என்பது இன்று சீனா மீதான பெரிய புகார். அன்று? 1712இல் ஜிங்டெஷென் பீங்கான் சூளைகளின் செய்முறையை, மண் கலவை முதற்கொண்டு, கடிதத்தில் எழுதி அனுப்பியவர் பிரெஞ்சுத் துறவி டான்ட்ரகோல். 1848இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, சீன உடையில் போய்த் தேயிலைச் செடிகளைக் கடத்தியவர் ராபர்ட் ஃபார்ச்சூன். அந்தச் செடிகள் நட்டு வளர்க்கப்பட்டது இந்திய மலைச்சரிவுகளில்.

சீனா குற்றமற்றது என்பதல்ல வாதம். 1989இல் தியானன்மென் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சின்ஜியாங்கில் தடுப்பு முகாம்கள் இருந்ததும் உண்மை. ஆனால் எந்தக் குற்றம் எப்போது தலைப்புச் செய்தியாகும் என்பதில் மேற்கின் கணக்கும் சேர்ந்தே இருக்கிறது. நம் நாளேடுகளுக்கு வரும் சீனச் செய்திகளில் கணிசமானவை மேற்கத்திய முகமைகள் வழியே வருபவைதாம். படிக்கும்போது, சொல்பவருக்கு இன்று சீனாவிடம் என்ன காரியம் ஆகவேண்டும் என்பதையும் ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்.